தும்பைக்காட்டில் தண்ணீர் ஐம்பது மீட்டர்

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்திரண்டு வாங்கியதால் மாயவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு அரசாங்க வேலை கிடைத்தது. 1988ஆம் வருடம். கல்வராயன் மலையில் உள்ள சிற்றூர்களுக்குப் போய் வீடுகளையும் ஆட்களையும் ஆடு மாடுகளையும் எண்ணி எழுத வேண்டும். வேலையின் பெயர் தற்காலிகக் கணக்கெடுப்பாளர். கச்சிராயபாளையத்தில் கரும்புக்குக் காய்ந்த சோகை உரிக்கப் போய்க்கொண்டிருந்த அவன் அம்மா ஜெயம்மாள், அரசாங்கமே மகனுக்குப் பேனாவும் அட்டையும் கொடுத்த சேதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

வேலை கொடுத்த நிறுவனத்துக்கு ‘மலைவட்டார முழு முன்னேற்றத் திட்டம்’ என்று பெயர். கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில்லின் மாடியில் அதன் அலுவலகம் இருந்தது. கீழே நெல் அரைக்கும் சத்தத்தில் மேலே பேசுவது யாருக்கும் கேட்காது என்பதால் திட்ட அலுவலர் கண்ணாயிரம் எப்போதும் கத்தித்தான் பேசுவார். பயிற்சி வகுப்பிலும் கத்தினார்.

“புள்ளிவிவரம்ன்றது நாட்டுக்குக் கண்ணாடிப்பா! கண்ணாடி எப்படி இருக்கணும்? சுத்தமா இருக்கணும். அடிச்சித் திருத்தி எழுதினீங்கன்னா அதுல கீறல் வுழுந்துடும். மூஞ்சி எப்படி இருந்தா நமக்கு இன்னா? கண்ணாடில கீறல் இருக்கக் கூடாது. அவ்ளோதான் பயிற்சி. டீ சாப்ட்டுட்டு கெளம்புங்க.”

ஒரு வீட்டுக்கு ஒரு படிவம். ஒரு படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள். குடும்பத் தலைவரின் வயது என்ன, நாளிதழ் வாசிப்பவரா, வீட்டுக்கு வாகனம் நிறுத்தும் இடம் உண்டா, குடிதண்ணீர் எத்தனை மீட்டரில் இருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியை வைத்துத்தான் எந்த ஊருக்கு அடிபம்பு போடுவது என்று முடிவு செய்வார்கள்.

முதல் இரண்டு ஊர்களுக்கு மாயவன் ஒழுங்காகவே போனான். கரியாலூர் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் நடை. வீடு வீடாக உட்கார்ந்து கேட்டான். வயது கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. “பெரிய மழ பேஞ்சி கேழ்வரகெல்லாம் அடிச்சிக்கினு போச்சே, அப்ப பொறந்தவன்” என்றார் ஒருவர். மாயவன் அதை அப்படியே எழுதினான். தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு அவனே நடந்து பார்த்துவிட்டுத் தொள்ளாயிரம் மீட்டர் என்று எழுதினான்.

தலைமை எழுத்தர் ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிவத்தைப் பார்த்தார்.

“பெரிய மழைக்குப் பொறந்தவர்னு எழுதிக்கினு வந்திருக்கியேப்பா. வயசுக்கு ரெண்டு கட்டந்தான் இருக்குது. அவ்ளோ பெரிய மழ அந்த ரெண்டு கட்டத்துல எப்படி நொழையும்?”

“அவங்களுக்கே தெரியலன்றாங்க சார்.”

“அவங்களுக்குத் தெரிஞ்சா நீ எதுக்கு? அப்புறம் இது இன்னா, தண்ணி தொள்ளாயிரம் மீட்டரு? யாரு அளந்தது?”

“நான் நடந்து பாத்தேன் சார்.”

“அது உன் நடை. அத வெச்சி கவுருமெண்டு ஒண்ணும் பண்ண முடியாது. நல்லா யோசன பண்ணு. பக்கத்துல தண்ணி இல்லாத எடத்துல எவனாவது ஊரு கட்டுவானா? அம்பது, நூறுன்னு போட்டாதான் படிக்கிறவனுக்கு நம்பிக்கை வரும்.”

படிவங்கள் திரும்பின. மாயவன் மறுபடி மலையேறிப் போய்க் கேட்டு, மறுபடி எழுதிக்கொண்டு வந்தான். மறுபடியும் திரும்பின. மூன்றாம் தடவை அவன் எங்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து எல்லோருக்கும் வயது போட்டு, தண்ணீரை ஊர்களுக்கு அருகில் கொண்டுவந்து வைத்தான். “இப்பதான் உனக்கு வேலை புடிபடுது” என்று சொல்லி ஆதிமூலம் முத்திரை குத்தினார்.

மூன்றாவது ஊர் தும்பைக்காடு. கரியாலூரிலிருந்து ஐந்து மைல், நடுவில் ஒரு ஓடை. ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. ஆனால் அன்றைக்குக் கச்சிராயபாளையம் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த படத்துக்குக் கடைசி நாள். தும்பைக்காட்டுக்குப் போய்த் திரும்பினால் மத்தியான பஸ் கிடைக்காது. மாயவன் கரியாலூர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான். தும்பைக்காட்டுக்கென்று அலுவலகத்தில் கொடுத்திருந்த நாற்பத்தொரு படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டான்.

பெயர்களுக்கு அவன் கஷ்டப்படவில்லை. தன் தெருவில் முதல் வீட்டிலிருந்து தொடங்கி வரிசையாக எழுதினான். எழுத எழுத அவனுக்கு ஒரு தாராளம் வந்துவிட்டது. புருஷன் இல்லாமல் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கறவை மாடு ஒன்று கொடுத்தான். கூரை ஒழுகும் வீடுகளுக்கெல்லாம் ஓடு போட்டான். இருபத்து மூன்றாம் வீட்டுக்குத் தன் அம்மா ஜெயம்மாளையே தலைவியாக்கி, ஆறு ஆடு கொடுத்து, தினமும் நாளிதழ் வாசிக்கவும் வைத்தான். குடிதண்ணீர் தூரம் என்ற இடத்தில் நாற்பத்தொரு தடவை ஐம்பது என்று எழுதினான். ஒரு அடித்தல் இல்லை. பஸ்ஸைப் பிடித்து, படத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். அந்தப் படத்தின் கதை இன்றைக்கு அவனுக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கண்ணாயிரம் அவன் முதுகில் தட்டினார்.

“பாருங்கய்யா, முத்து முத்தா! நாப்பத்தொரு படிவம், ஒரு கீறல் இல்ல!” என்று கத்தினார். அந்தப் படிவங்களைச் சணல் கயிற்றில் கோத்து, மற்ற கணக்கெடுப்பாளர்கள் பார்த்துக்கொள்ள வாசலில் தொங்கவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் தும்பைக்காடு நூற்றுக்குத் தொண்ணூற்றொரு புள்ளி எடுத்திருந்தது. மலையிலேயே அதுதான் அதிகம். ஆகவே அடிபம்பு வேண்டிய ஊர்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, ‘தன்னிறைவு பெற்ற சிற்றூர்’ என்று அறிவித்தார்கள். விழா கரியாலூரில் நடந்தது. தும்பைக்காட்டிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். அரிசி கொடுப்பார்கள் என்று சொல்லி பியூன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கண்ணாயிரம் மேடையில் ஒலிபெருக்கி இருந்தும் கத்தினார்.

“சில பேரு கேக்கறாங்க, நீங்க மலைக்கு இன்னா செஞ்சீங்கன்னு. நாங்க எதுவுமே செய்யல! செய்யாமலே இந்த ஊரு முன்னேறி இருக்குது. அப்ப எங்க திட்டம் எவ்ளோ சக்தி வாய்ந்ததுன்னு நீங்களே பாத்துக்குங்க. இந்த ஊருலயே சிறந்த குடும்பத் தலைவி, இருபத்து மூணாம் வூட்டு ஜெயம்மாள் மேடைக்கு வரணும்!”

யாரும் வரவில்லை. பியூன் விசாரித்து, எண்ணிக்கை வரிசைப்படி இருபத்து மூன்றாவதாக வரும் வீடு யாருடையது என்று கண்டுபிடித்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

“எம் பேரு ஆயம்மாங்க” என்றாள் அவள்.

“பரவால்லம்மா, இன்னைக்கி ஒரு நாளைக்கி ஜெயம்மா.”

“ஜெயம்மான்றது யாருங்க?”

“உன் வூட்டுல இருக்கறவங்கதாம்மா.”

ஆயம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “எங்க வூட்டுல நானும் எம் பொண்ணு கண்ணகியும் மருமவப் புள்ளையுந்தான் இருக்கறோம். வேற யாராவது எங்களுக்குத் தெரியாம இருக்காங்களா?”

கூட்டம் சிரித்தது. கண்ணாயிரமும் சிரித்தபடி அவள் கையில் எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொடுத்தார். குடத்தில் ‘ஜெயம்மாள், தும்பைக்காடு’ என்று பொறித்திருந்தது. ஆயம்மாள் குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொடம் சரிங்க. தண்ணி?” என்றாள். அதற்குள் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் போலவே அசையாமல் நின்றாள்.

மேடையின் ஓரத்தில் ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாயவன் அவளையே பார்த்தான். அந்த அம்மா நின்ற விதம் அவன் அம்மா நிற்பதைப் போலவே இருந்தது.

தும்பைக்காட்டுக்கு வந்திருக்க வேண்டிய அடிபம்பு எங்கே போனது என்பது அடுத்த மாதம் தெரிந்தது. திட்டத்துக்குக் கரியாலூரில் ஒரு முகாம் அலுவலகம் இருந்தது. மாதத்தில் இரண்டு நாள் திறப்பார்கள். அதற்கும் ஆதிமூலம் ஒரு படிவம் நிரப்பியிருந்தார். டீக்கடையிலிருந்து தண்ணீர் வாங்கிவர வேண்டியிருக்கிறது என்று, நாடாவை வைத்து அளந்து, எண்ணூற்று நாற்பது மீட்டர் என்று எழுதியிருந்தார். கணக்கெடுப்பு முழுவதிலும் நாடா வைத்து அளந்த தூரம் அது ஒன்றுதான். அதற்குப் பலனாக, அலுவலக வாசலில் போர் போட்டு பம்பை நட்டார்கள். மிச்சம் இருபத்தெட்டு நாளும் அதற்குப் பூட்டு.

மாயவன் கண்ணாயிரத்தின் அறைக்குப் போய், தான் தும்பைக்காட்டுக்குப் போகவே இல்லை என்று சொன்னான். மில் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கத்திச் சொன்னான்.

கண்ணாயிரம் கோபப்படவில்லை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“சின்ன வயசு. அதான் மனசு அடிச்சிக்குது. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்தேன். அப்புறம் பிரமோசன் வந்துச்சி, சரியாப் பூடுச்சி. இங்க பாருப்பா, நம்பர் மெட்ராசுக்குப் பூடுச்சி. அங்க போயிட்ட நம்பரத் திருப்பி எடுக்கணும்னா, அது தப்புன்னு ஆவும். அது தப்புன்னா நான் தப்பு. நான் தப்புன்னா திட்டம் தப்பு. ஒரு ஊருக்குத் தண்ணி வேணும்னு இவ்ளோ பேரு தப்பாவணுமா? நீயே சொல்லு.”

ஆனாலும் விதிப்படி ஒரு வழி இருந்தது. ஆதிமூலம் திருத்தப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கணக்கெடுத்த நாளில் ஊரில் என்ன நடந்தது என்று, அன்றைக்கு அங்கே இருந்த கணக்கெடுப்பாளர் சான்று அளிக்க வேண்டும். மாயவன், அன்றைக்கு நான் அங்கே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு வாரத்தில் பதில் வந்தது: சம்பவ இடத்தில் இல்லாதவரின் சான்று ஏற்கத்தக்கதல்ல.

மாயவன் அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“எம் பேர இன்னாத்துக்குடா போட்ட?” என்றாள் ஜெயம்மாள்.

“நல்லாருக்கட்டும்னுதான்மா.”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். என்னையப் பேப்பரு படிக்கறவளாக்கி, இன்னொருத்தி குடிக்கற தண்ணியப் புடுங்கி இருக்கற.”

ஐப்பசியில் கண்ணகி விழுந்தாள். ஆயம்மாளின் மகள். ஏழு மாதக் கர்ப்பம். ஊற்றிலிருந்து குடத்தோடு மேட்டில் ஏறும்போது பாசியில் கால் வழுக்கியது. தூளி கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்தார்கள். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவர்கள் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது மாயவன் பார்த்தான். ஆயம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டு, “வெழாவுல நின்னியேப்பா, ஆஸ்பத்திரில சீக்கிரம் பாப்பாங்களா?” என்று கேட்டாள். அவன் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தான். அதற்கு அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கண்ணகிக்குக் கணுக்கால் கோணலாகவே கூடியது.

அடுத்த வருடம் மாயவன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டான். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்து, புள்ளியியல் ஏன் படிக்க விரும்புகிறேன் என்பதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். தேசத்தின் வளர்ச்சி என்று ஒருவன் முணுமுணுத்தான். அடுத்தவன் அதைக் கேட்டுவிட்டுத் தானும் தேசத்தின் வளர்ச்சிக்கு மாறினான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர் அரங்கநாதன். “ஏன் தம்பி புள்ளியியல்?” என்றார், மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாயவன் நடந்ததைச் சொன்னான். டீக்கடை, நாற்பத்தொரு படிவம், சினிமா, குடம், பம்பு, கண்ணகியின் கால். “தப்பா எண்ணினா இன்னா ஆவும்னு பாத்துட்டேன் சார். சரியா எண்ணக் கத்துக்கணும்” என்று முடித்தான்.

அரங்கநாதன் இப்போது தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது.

“நாப்பத்தொரு வீட்டுக்கும் நீங்களே எழுதினீங்களா? ஒண்ணுக்கொண்ணு முரண்படாம?”

“ஆமாங்க சார்.”

“இதுக்குப் பேரு பொய் இல்ல தம்பி, மதிப்பீடு! எங்க முதுகலை மாணவர்களுக்கே இது வரமாட்டேங்குது. எழுதும்போது என்ன முறை பின்பற்றினீங்க?”

“எங்க தெருவத்தான் எழுதினேன் சார்.”

“பாத்தீங்களா?” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். “தெரிஞ்ச தொகுதியிலேருந்து தெரியாத தொகுதிக்கு. தானாவே கண்டுபிடிச்சிருக்கார்.”

“சார், நான் அந்த ஊருக்குப் போவவே இல்லைங்க.”

“அதனால என்ன? நேர்ல போறதெல்லாம் ஆரம்பக் கட்டம். நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், கிராம வறுமையப் பத்தி நாலு புஸ்தகம் போட்டிருக்கேன். ஒரு கிராமத்துக்கும் போனதில்ல. போனா மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும். ஆராய்ச்சி கெட்டுப் போயிரும்.”

மாயவனுக்கு முதல் இடத்தில் சீட்டு கிடைத்தது. தேர்வுக்கான காரணம் என்ற இடத்தில் ‘சிறந்த களப்பணி அனுபவம்’ என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு ஏனோ எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, அவன் தும்பைக்காட்டுக்குப் போனான். முதல் தடவையாக. ஆயம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணகி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னான். ஆயம்மாளின் முறம் நின்றது.

“அன்னைக்கி பஸ்ல எடம் புடிச்சிக் குடுத்தியே” என்றாள். “உன்ன நல்லவன்னு நெனச்சேனே.”



“இப்ப இன்னாத்துக்கு வந்த?” என்று கேட்டாள் கண்ணகி.

“சரியா எண்ணறதுக்குப் படிக்கப் போறேங்க. மூணு வருசம்.”

“மூணு வருசமா?” அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “நாங்க முப்பத்தாறு வூடு. இத எண்ணவா மூணு வருசம்? இப்பவே எண்ணு. ஒவ்வொரு வூடா போ. எங்ககிட்ட சொன்னத ஒவ்வொரு வூட்லயும் சொல்லிட்டு எண்ணு.”

அவன் போனான். முப்பத்தாறு வாசலிலும் நின்று, செய்ததைச் சொல்லி, ஆட்களை எண்ணினான். ஒருவர் காறித் துப்பினார். ஒரு வீட்டில் களி கொடுத்தார்கள். ஒருவர், எனக்கு ஓட்டு வீடு எழுதினாயா கூரை வீடு எழுதினாயா என்று மட்டும் கேட்டார். நூற்று ஐம்பத்தெட்டுப் பேர். கடைசியில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, ஆயம்மாள் ஒரு முனையைப் பிடிக்க, ஊற்று வரைக்கும் அளந்தான். தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். இதையெல்லாம் புதுப் படிவத்தில் எழுதிக் கள்ளக்குறிச்சிக்குத் தபாலில் அனுப்பினான். திட்டம் முழு வெற்றி பெற்றுவிட்டதால் அலுவலகம் மூடப்பட்டது என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

மூன்று வருடம் படித்தான். நன்றாகப் படித்தான். பிறகு பரீட்சை எழுதி, வேறொரு துறையில் புள்ளியியல் உதவியாளர் ஆனான். கணக்கெடுப்பாளர்கள் கொண்டுவரும் படிவங்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஊருக்குப் போகாமல் எழுதியதை அவன் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அடித்தல் இல்லாத படிவத்தைக் கண்டால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவான். அதிகாரிகளுக்கு அவனைப் பிடிக்காது.

1996இல் புதிதாக ஒரு குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து தண்ணீர் எடுக்கும் ஊர்களுக்கு மட்டும் பம்பு. ஒருநாள் மத்தியானம், பத்தொன்பது இருபது வயதுள்ள ஒரு பெண் தன் படிவங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றாள். தற்காலிகக் கணக்கெடுப்பாளர். மேலே தும்பைக்காடு என்று இருந்தது.

அவன் புரட்டினான். ஐம்பத்திரண்டு வீடு. ஒரு பெயரும் அவனுக்குத் தெரிந்த பெயர் இல்லை. ஆயம்மாள் இல்லை, கண்ணகி இல்லை. ஒரு அடித்தல் இல்லை. தண்ணீர் தூரம் என்ற இடத்தில் ஐம்பத்திரண்டு படிவத்திலும் ஐயாயிரம் என்று இருந்தது. ஐந்நூறு என்று எழுத நினைத்து ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டிருக்கலாம்.

சிவப்புப் பேனாவை எடுத்தான். திருப்பி அனுப்பினால் இவள் போய் அளப்பாள். அளந்தால் தொள்ளாயிரத்து நாற்பது. அறுபது மீட்டர் குறையும். பம்பு வராது.

“ஊருக்குப் போனியாம்மா?” என்று கேட்டான்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். காது மடல்கள் சிவந்துவிட்டன. “போனேங்க சார்” என்றாள். “சரியா இருக்குதுங்களா?”

மாயவன் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தான். சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

“சரியா இருக்குது” என்றான்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அடுத்த ஊருக்கான வெற்றுப் படிவங்களை வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் அவசரமாக இறங்கிப் போனாள். அவள் எங்கே உட்கார்ந்து அதை எழுதப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தான். கூப்பிடவில்லை.